ஏன் என்று கேட்டாள்!

மாலை மயங்கும் வேளை. முத்தியால்பேட்டையில் நாம் குடியிருக்கும் வீட்டின் மாடியிலிருந்து ஒரு பெண்ணின் குரல், தாளம் தவறாமல், ஏற்ற இறக்கத்தோடு தெருவில் வந்து விழுந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டியார் கண்களை மூடிக் கைகூப்பி அதனைக் கேட்டார். நாம் படியிறங்கி வந்ததும், "தம்பி! பொண்ணு எவ்வளவு அழகாச் சொல்லுது! எந்தச் சாமி மேல தோத்திரம்?" என்று வினவினார்.

தோத்திரமா? வாய்விட்டுச் சிரித்தோம். ஏனெனில் மாடியிலிருந்து வந்த ஒலி இதுதான்: "வாலின், லியூசின், ஐசோலியூசின், மெத்தியோனின், திரியோனின், டிரிப்டோபான்..."

சாமியுமல்ல, தோத்திரமுமல்ல, மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காகப் படிக்கும் ஒரு மாணவி அமினோ அமிலங்களின் பெயர்களை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மூதாட்டியாருக்கு அதனை விளக்கினோம். அவர், "எதுவா இருந்தா என்ன தம்பி, சொல்லச் சொல்லப் புண்ணியந்தானே" என்றார். பேதை மனம் என்று எண்ணிச் சிரித்தபடி நடந்தோம். அந்தச் சிரிப்பு நம்மையே நோக்கித் திரும்பிய கதையைத்தான் தோழர்களுக்குக் கூற விழைகிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் கலைக் கல்லூரியில் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவர். பள்ளியில் தமிழ் பயிற்றுபவர். தொல்காப்பியம் தெரியும், தொகுதிக் குறியீடு தெரியாது. அமினோ அமிலம் என்ற சொல்லைப் பள்ளி நாளில் கேட்டு, பள்ளி நாளிலேயே மறந்தவர். பின் ஏன் இந்த வேலை?

அந்த மாணவி நம்மிடம் படித்தவள். கடலோரக் குப்பத்துப் பெண். தாய் விடியுமுன் எழுந்து மீன்கூடை சுமந்து பெரிய மார்க்கெட்டுக்குச் செல்பவர். அரசுப் பள்ளியில் படித்து, நல்ல மதிப்பெண் பெற்று, சென்ற ஆண்டு 'நீட்' எழுதினாள். தகுதி பெற்றாள், இடம் பெறவில்லை. பயிற்சி நிலையம் ஒன்றில் விசாரித்தார்கள். அங்கே கேட்ட கட்டணம் தாயின் ஓராண்டு வருவாயை விழுங்கி ஏப்பமிடும் அளவுக்கு இருந்தது. ஒருநாள் மாலை, பழைய புத்தகங்களை மார்போடு அணைத்தபடி நம் வாசலில் வந்து நின்றாள். "சார், பாடம் நடத்த வேண்டாம். நான் ஒப்பிக்கும்போது புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு சரியான்னு பார்த்தா போதும்" என்றாள்.

புத்தகத்தைப் பிடித்துக்கொள்ளத் தமிழாசிரியன் போதாதா? ஒப்புக்கொண்டோம்.

அவள் தட்டும் கதவு எத்தகையது என்பதையும் கூற வேண்டும். நம் புதுச்சேரி, மருத்துவக் கல்விக்குப் புதிய ஊரல்ல. 1823-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு ஆட்சியினர் இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கினர். அதன் வழிவந்ததே கோரிமேட்டில் ஓங்கி நிற்கும் ஜிப்மர். 1964-இல் அந்தப் பெயர் பெற்றது. 2008-இல் நாட்டின் சிறப்பு வாய்ந்த நிறுவனமென்று நாடாளுமன்றச் சட்டத்தால் உயர்ந்தது. 2019 வரை தனக்கெனத் தனித் தேர்வு நடத்தி வந்தது. 2020 முதல் அங்கேயும் 'நீட்' ஒன்றே வாயில். கதிர்காமத்து அரசு மருத்துவக் கல்லூரிக்கும் அதுவே வாயில். 180 கேள்விகள், 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு கூடும். தவறான விடைக்கு ஒன்று குறையும். அறியாததை அறியாதது என்று விட்டுவிடுபவர் தப்புவார். தயங்கித் தொடுபவர் தண்டனை பெறுவார். அந்த 180-இல் 90 உயிரியல் கேள்விகள். அவற்றுள் அமினோ அமிலங்களின் பண்பைப் பற்றி ஒரு கேள்வி வரலாம், வராமலும் போகலாம். வந்தால் நான்கு மதிப்பெண். அந்த நான்கு மதிப்பெண்ணுக்குள் எத்தனையோ பேர் அடுக்கடுக்காக நிற்கிறார்கள். எனவே ஒரு பக்கத்தையும் விட முடியாது.

நாம் உற்சாகத்தோடு வேலையைத் தொடங்கினோம். அமினோ அமிலங்கள் இருபது. பெரும்பாலானவற்றின் பெயர் 'இன்' என்றே முடிகிறது. தமிழ் படித்தவனுக்கு இது போதாதா? இயைபு தானே வந்து நிற்கிறதே! மோனை பார்த்து முன்பின்னாக அடுக்கினோம்; சந்தம் சேர்த்தோம்; அமிலத்தன்மை உடையவை ஓரடி, காரத்தன்மை உடையவை ஓரடி, நடுநிலையானவை நான்கடி என்று பாட்டாகவே கட்டிவிட்டோம். உடலால் ஆக்கிக்கொள்ள முடியாமல் உணவிலிருந்தே பெற வேண்டியவை ஒன்பது. அவற்றுக்குத் தனிப் பாட்டு. ஒரே வாரத்தில் அவள் தடங்கலின்றிச் சொன்னாள். நம் திறமையை நாமே மெச்சிக்கொண்டோம். மூதாட்டியார் கைகூப்பியது அந்த வாரத்தில்தான்.

மறுவாரம், கதிர் அரிவாள் சோகை என்ற நோயைப் பற்றிய பகுதி வந்தது. இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபினில் பீட்டா என்றொரு சங்கிலி; அதில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அதற்குப் பதில் வாலின் வந்து அமர்ந்துவிட்டால் வட்டமாக இருக்கவேண்டிய சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது. அவள் ஒப்பித்தாள். "சரி, அடுத்தது" என்றோம். அவள் அடுத்ததற்குப் போகவில்லை.

"சார், 146-ல ஒண்ணுதானே மாறியிருக்கு? அந்த ஒண்ணு மாறினா ஏன் அணுவே வளையணும்?"

நாம் கூறிய விடையை நாணத்தோடு எழுதுகிறோம். "அதெல்லாம் கேட்கமாட்டார்கள் அம்மா. ஆறாவது இடம், குளுட்டாமிக், வாலின். இதை மட்டும் மனத்தில் வை. நேரமில்லை" என்றோம்.

அவள் தலையசைத்தாள், அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். ஆனால் அவள் முகத்தில் ஒரு விளக்கு அணைந்ததை நாம் கண்டோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. "அதெல்லாம் கேட்கக்கூடாது." இந்த வாசகத்தை இதற்குமுன் எங்கே கேட்டோம்? கருவறைக்குள் ஏன் நாம் போகக்கூடாது என்று நம் பாட்டன் கேட்டபோது சொல்லப்பட்ட விடையல்லவா இது! பெண் ஏன் படிக்கக்கூடாது என்று நம் பாட்டி கேட்டபோது வீசப்பட்ட விடையல்லவா! பொருள் தெரியாத மொழியில் மந்திரம் ஓதுகிறாயே, பொருள் என்ன என்று கேட்டவனைப் பார்த்து, "ஒலிதான் முக்கியம், பொருள் அல்ல" என்று ஓதுவோர் உரைத்ததும் இதுவேயல்லவா! செப்டம்பர் 17 தோறும் மேடையேறி, 'ஏன் என்று கேள், எதற்கு என்று கேள், எவர் சொன்னாலும் கேள்' என்று தொண்டை வறள முழங்கியவர் நாம். அந்த முழக்கத்தை உள்ளபடியே மெய்யென்று நம்பி ஒரு பெண் நம் முன்னமர்ந்து 'ஏன்?' என்று கேட்டாள். நாம் அவள் வாயை அடைத்தோம். மந்திரத்தைப் பழித்த நாம் அமினோ அமிலத்தையே மந்திரமாக்கினோம். புரோகிதத்தைச் சாடிய நாம் புத்தகம் பிடித்த புரோகிதரானோம். எதிர்வீட்டு மூதாட்டியார் ஏமாறவில்லை, சரியாகத்தான் கண்டுகொண்டார்!

மறுநாள் விடுமுறை. ரோமன் ரோலண்ட் நூலகத்தில் போய் அமர்ந்தோம். அறிவியல் பயிற்றும் நண்பர் ஒருவரை மாலையில் தேடிப் பிடித்தோம். ஒரு வாரம் நாம் மாணவரானோம். கண்டறிந்ததைக் கூறுகிறோம், தெரிந்தோர் பொறுத்தருள்க.

அமினோ அமிலம் ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு கார்பன் அணு. அதற்கு நான்கு கைகள் என்று கொள்க. ஒரு கையில் அமினோத் தொகுதி. மற்றொன்றில் அமிலத் தொகுதி. மூன்றாவதில் ஒரு ஹைட்ரஜன். இம்மூன்றும் பொது. நான்காவது கையில் பிடித்திருப்பதுதான் வேறுவேறு. அதற்குப் பக்கச் சங்கிலி என்று பெயர். கிளைசினுக்கு அங்கேயும் ஒரு ஹைட்ரஜனே. அதைவிட எளிய அமினோ அமிலம் இல்லை. அலனினுக்கு ஒரு மீத்தைல் தொகுதி, டைரோசினுக்கு வளையம், லைசினுக்கு நீண்ட வாலும் அதன் நுனியில் மற்றொரு அமினோத் தொகுதியும். நீரை விரும்புவது, நீரை வெறுப்பது, அமிலமாக இருப்பது, காரமாக இருப்பது ஆகிய குணங்கள் எல்லாம் அந்த நான்காவது கையில் உள்ளதைப் பொறுத்தவை. இதனை உணர்ந்ததும் நமக்குப் பளிச்சென்று விளங்கிற்று. எழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று வகுத்தவர் தமிழர் அல்லரோ? பட்டியலை உருப்போட அன்று அவ்வகுப்பு. எழுத்து அடுத்த எழுத்தோடு சேரும்போது எப்படி நடந்துகொள்ளும் என்று அறியத்தான். 'பல்' முன் 'பொடி' வந்தால் 'பற்பொடி' ஆவதேன் என்று வகுப்பறையில் விளக்குகிறோமே, அதேபோல் இங்கும் இருபது எழுத்து, இனம், சேர்க்கை. புரதம் என்பது அவ்வெழுத்துகளால் ஆன சொல். 'அறம்' என்ற சொல்லில் ஒரே எழுத்தை மாற்றி 'அரம்' என்று எழுதினால், ஒழுக்கம் போய் இரும்பு ராவும் கருவி வந்துவிடுகிறதன்றோ!

பெயர்களும் மந்திர ஒலிகளல்ல என்று கண்டோம். 1806-இல் பாரிசில் வாக்கலின், ரோபிகே என்ற இருவர் அஸ்பாரகஸ் என்னும் கீரைத்தண்டின் சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தனர். அதுதான் அஸ்பரஜின், முதன்முதல் கிடைத்த அமினோ அமிலம். நம் நாட்டு வைத்தியர் பயன்படுத்தும் தண்ணீர்விட்டான் கிழங்கு அந்தச் செடியின் உறவுதான். 1820-இல் பிரக்கோனோ என்ற பிரெஞ்சுக்காரர், விலங்கின் எலும்பு தோல்களிலிருந்து எடுத்த பசையைக் கந்தக அமிலத்திலிட்டுக் காய்ச்சினார். இனிக்கும் படிகம் கிடைத்தது. இனிப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதுவே கிளைசின் ஆயிற்று. பாலாடைக் கட்டியிலிருந்து டைரோசின், பட்டிலிருந்து செரின். இறுதியாக 1935-இல் திரியோனினை வில்லியம் ரோஸ் கண்டறிந்தார். இருபதையும் அறிய 129 ஆண்டுகள்! எந்த முனிவரும் கண்மூடி இருந்து கண்டதல்ல. எந்த மலையுச்சியிலும் அருளப்பட்டதல்ல. பசையும் பாலும் பட்டும் கீரையும் கையிலெடுத்து, காய்ச்சி, வடித்து, 'இது ஏன் இனிக்கிறது?' என்று கேட்டவர்கள் கண்டது. கேள்வியால் பிறந்த பெயர்களையா கேள்வி கேட்காதே என்று கற்பித்தோம்!

இனி அவள் கேட்ட கேள்விக்கு வருவோம். குளுட்டாமிக் அமிலத்தின் பக்கச் சங்கிலி இரத்தத்தில் எதிர்மின்சுமை தாங்கி நிற்கும், நீரோடு உறவாடும், புரதத்தின் வெளிப்புறத்தில் மகிழ்ந்திருக்கும். வாலினின் பக்கச் சங்கிலியோ நீருக்குப் பகை. அது வெளிப்புறத்தில் வந்து அமர்ந்துவிட்டால், நீரிலிருந்து ஒதுங்க இடம் தேடுகிறது. ஹீமோகுளோபின் தன்னிடமுள்ள ஆக்சிஜனைக் கொடுத்துவிட்ட நிலையில், பக்கத்து ஹீமோகுளோபினில் அதற்கேற்ற பள்ளம் ஒன்று திறந்திருக்கிறது. அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றோடொன்று, அதனோடு மற்றொன்று என்று நீண்ட இழைகளாகத் திரண்டு, அணுவையே உள்ளிருந்து நெம்பி அரிவாளாக வளைத்துவிடுகின்றன. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களில் அடைத்துக்கொள்கின்றன. உடல் வலியால் துடிக்கிறது. ஓரெழுத்தின் குணம் மாறியதால் வந்த வினை!

மாலையில் அவள் வந்தாள். முதலில் மன்னிப்புக் கேட்டோம். ஆசிரியர் மன்னிப்புக் கேட்பதைக் கண்டு அவள் கூசினாள். பிறகு தாளில் வரைந்து காட்டி விளக்கினோம். கண்ணிமைக்காமல் கேட்டவள், பாதியிலேயே, "மீன் குழம்பு ஆறினதும் மேலே எண்ணெய்ச் சொட்டெல்லாம் தண்ணியை விட்டு விலகி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துக்குமே, அந்த மாதிரியா சார்?" என்றாள்.

அந்த மாதிரிதான்! நூலகத்தில் ஒரு வாரம் நாம் தேடி அடைந்ததை அவள் தாயின் அடுப்படியிலிருந்து ஒரு நொடியில் எடுத்துத் தந்தாள். அதன்பின் அவள் வாலினை மறக்கவே இல்லை. லியூசினும் ஐசோலியூசினும் அந்த எண்ணெய்க் கூட்டத்தில் தாமாகவே போய்ச் சேர்ந்தன. நாம் கட்டிய பாட்டு, பாவம், அநாதையாயிற்று!

இந்நோய் தொலைநாட்டுச் செய்தியும் அன்று. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையே இதன் கூறு இருப்பதைக் கண்டு வெளியிட்டனர். 1956, 57-இல் கேம்பிரிட்ஜில் இன்கிராம் என்பவர் அந்த ஓரெழுத்து மாற்றத்தைக் கண்டறிந்தார். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்தக் கூற்றைப் பெறும் குழந்தைக்கே கொடிய நோய்; ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றோர்க்கு அது மலேரியாவின் கொடுமையிலிருந்து ஓரளவு காப்பும் ஆகிறது. இதனைக் கேட்டதும் அந்தப் பெண், "அப்போ குலதெய்வக் குத்தம், முன்ஜென்மப் பாவம்னு சொல்றதெல்லாம்?" என்றாள். நாம் ஒன்றும் கூறவில்லை. ஆறாவது இடத்தைச் சுட்டிக் காட்டினோம். நூறு மேடைப் பேச்சு செய்யாததை அந்த ஓர் இடம் செய்தது. பிள்ளைக்கு வந்த நோயைத் தன் பாவமென்று எண்ணித் தலைகுனிந்து நிற்கும் தாயைத் தலைநிமிரச் செய்வது வெற்று வாதமன்று தோழர்களே, மருத்துவம்!

கற்கக் கற்க இன்னும் பல விளங்கின. அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. மீனில் ஒன்பதும் நிறைவாக உண்டு. குப்பத்தார் உண்ணும் மீனானாலும், அக்கிரகாரத்தார் உண்ணும் பருப்பானாலும், சேரியார் உண்ணும் இறைச்சியானாலும், குடல் அதனை உடைத்து, பெரும்பாலும் தனித்தனி அமினோ அமிலங்களாக்கியே உள்ளே எடுத்துக்கொள்கிறது. மீனிலிருந்து வந்த லைசினையும் பருப்பிலிருந்து வந்த லைசினையும் பிரித்தறிய இரத்தத்துக்குத் தெரியாது. நாக்குக்குத் தீட்டுக் கற்பித்தவர்களால் குடலுக்குக் கற்பிக்க முடியவில்லை!

வேறொன்று. அமினோ அமிலங்களுக்கு இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என்று இரண்டு உண்டு. நம் இரு கைகள்போல் ஒன்று மற்றொன்றின் கண்ணாடி நிழல். கிளைசினுக்கு மட்டும் இந்த வேறுபாடு இல்லை. புரதங்களைக் கட்ட உயிர்கள் எடுத்துக்கொள்வது இடக்கை வடிவத்தையே. இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. வலங்கை, இடங்கை என்று சாதிகள் இரு கட்சியாகப் பிரிந்து, எந்தத் தெருவில் எவர் ஊர்வலம் போவது என்று சென்னையிலும் புதுச்சேரியிலும் அடித்துக்கொண்ட வரலாறு உண்டே! வலங்கையார் உடம்பிலும் இடங்கையார் உடம்பிலும் ஓடியது ஒரே கைப் புரதந்தான் என்று அன்று சொல்ல ஆளில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் நமக்கு நாமே கூறிக்கொள்ள வேண்டும். அணுகுண்டும் ஆகாயவிமானமும் எங்கள் புராணத்தில் உண்டு என்று சிலர் கூறுவதைக் கேட்டு நகைக்கிறோம். அதேபோல் வேதியியல் நம் கட்சிக்குச் சாட்சி சொல்லப் பிறந்தது என்று நாமும் கூறிவிடலாகாது. அமினோ அமிலம் சமத்துவம் பேசுவதில்லை. அதற்குக் கொள்கை கிடையாது. சமத்துவம் மனிதர் முயன்று ஆக்க வேண்டிய அறம். ஆனால், பிறப்பிலேயே உடம்பு வேறு, தலையில் பிறந்தவன் வேறு, காலில் பிறந்தவன் வேறு என்போர் வந்தால், இருபது பெயர்களையும் எடுத்து முன்வைத்து, 'இதில் எது உனக்கு மட்டும் உரியது?' என்று கேட்கலாம். அந்த அளவுக்கே அறிவியல் துணை வரும். மிச்ச வேலை நம்முடையது.

அந்த மிச்ச வேலை என்ன? கதவைப் பற்றிய வேலை. மருத்துவம் படிக்க வடமொழி தெரிந்திருக்க வேண்டும் என்றிருந்த தடையை நீதிக்கட்சி உடைத்தது என்று நம் மேடைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். 2006-இல் தமிழ்நாடு நுழைவுத் தேர்வை நீக்கச் சட்டம் இயற்றியது. 2017-இல் 'நீட்' அந்தக் கதவை மீண்டும் பூட்டியது. 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்ற அரியலூர் அனிதா, அவ்வாண்டு செப்டம்பர் 1-இல் தன் உயிரையே மாய்த்துக்கொண்ட கொடுமையை மறந்தோமா? அந்த இழப்புக்குப்பின் எத்தனை முயற்சி! 2020-இல் தமிழ்நாடு அரசுப் பள்ளி மாணவர்க்கு ஏழரை விழுக்காடு ஒதுக்கியது; 2023 முதல் நம் புதுச்சேரியிலும் பத்து விழுக்காடு கிடைத்தது. நம் மாணவியின் நம்பிக்கை அந்தப் பத்தில்தான் இருக்கிறது.

ஆயினும் உண்மையை மறைக்கக் கூடாது. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்று ஓடும் தேர்வில், 'ஏன்' என்று கேட்க ஒரு வாரம் எடுத்துக்கொண்ட பெண் வெல்வாளா? நமக்குத் தெரியாது. பணம் படைத்தோர் வேகத்தை விலைக்கு வாங்குகிறார்கள். நாள்தோறும் மாதிரித் தேர்வு எழுதுகிறார்கள். நம் மாணவி காலையில் தாய்க்கு மீன் அரிந்து கொடுத்துவிட்டு வருகிறாள். நாம் புரிந்து படிப்பதைப் போற்றுகிறோம் என்பதற்காக மனப்பாடத்தை இகழவுமில்லை. உயிரும் மெய்யும் உருப்போடாமல் தமிழ் வருமா? இப்போது அவள் முதலில் 'ஏன்' கேட்கிறாள். விளங்கிய பின் உருப்போடுகிறாள். விளங்கியது எளிதில் மனத்தில் நிற்கிறது என்பதைக் கண்ணெதிரே காண்கிறோம். தேர்வு முறை நேர்மையற்றது என்று எதிர்த்துக் குரல் எழுப்புவோம். எழுப்பிக்கொண்டே, இன்று மாலை அவளுக்குப் பாடமும் சொல்வோம். ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்த அவளுக்கு வயது காத்திருக்கவில்லை.

தோழர்களே! இந்த ஊரில் 1936 ஜூலை 30-இல், உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டு வீழ்த்தப்பட்டனர். அந்தக் குருதியின் விலையாக அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. எட்டு மணி நேரம் என்றால் பொருள் என்ன? மாலைப் பொழுது தொழிலாளிக்குச் சொந்தமாயிற்று என்பதே பொருள். அந்த மாலைப் பொழுதில்தான் நம் முன்னோர் ஊர்தோறும் படிப்பகம் திறந்தனர். எழுத்தறியாத தொழிலாளியைச் சுற்றி அமர்த்திக்கொண்டு ஒருவர் ஏடு படிக்க, மற்றவர் கேட்டனர், கேட்டவர் கேள்வி கேட்டனர், இயக்கம் வளர்ந்தது. இவ்வூரில் பிறந்து, வகுப்பறையில் நின்று பாடம் சொன்ன ஆசிரியர்தாம் பாரதிதாசன் என்பதையும் நினைவூட்ட வேண்டுமா?

படிப்பகங்கள் சில இன்னும் இருக்கின்றன. கொடிக்கம்பத்தின் அடியில், தலைவர்கள் படத்தின் கீழ், காற்றில் படபடக்கும் நாளேடுகளோடு நிற்கின்றன. அவற்றில் ஒரு கரும்பலகை மாட்டுவோம். வேதியியல் படித்தவர் வேதியியல் சொல்லுங்கள். நம்மைப்போல் தமிழ் மட்டும் படித்தவர்கள், 'நமக்கென்ன தெரியும்' என்று ஒதுங்காதீர்கள். மாணவரோடு சேர்ந்து நீங்களும் மாணவராகுங்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், ஒரு பிள்ளை. கட்டணம் கேட்காதீர்கள். ஒன்றை மட்டும் கேளுங்கள்: கேள்வி கேட்கச் சொல்லுங்கள். விடை தெரியாவிட்டால், 'தெரியாது, நாளை தேடி வருகிறேன்' என்று கூறுங்கள். அந்தச் சொல்லைக் கூற எந்தப் புரோகிதருக்கும் துணிவு வந்ததில்லை. பகுத்தறிவாளருக்கு வர வேண்டும்.

இன்று மாலையும் அவள் வருகிறாள். நேற்றுப் போகும்போது ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போனாள்: "சார், ரெண்டு கையும் இருக்கும்போது, உயிரெல்லாம் ஏன் இடக்கையையே எடுத்துக்கிச்சு?"

தேடிப் பார்த்தோம். இதற்கு முடிந்த முடிபான விடை அறிவியல் உலகத்திலேயே இன்னும் கிடைக்கவில்லையாம். அதை அவளிடம் அப்படியே சொல்லப் போகிறோம். வெள்ளை அங்கி அணிந்து கோரிமேட்டிலோ கதிர்காமத்திலோ நடக்கும் நாள் அவளுக்கு வரட்டும். விடை கிடைக்காத கேள்வியை அஞ்சாமல் கேட்பவள் ஒருத்தி, கடலோரக் குப்பத்திலிருந்து ஏற்கெனவே புறப்பட்டுவிட்டாள்.